பெயரை நீக்கினால் போதுமா? ஆய்வுத் தரவை வெளியிடுவோர் செய்யும் தவறுகள்

தரவு அட்டவணையில் பெயர் இருந்த பத்தியை (செங்குத்து வரிசையை) நீக்கிவிட்டு, ஆளை அடையாளம் காண முடியாது என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களிடம் எடுத்த நேர்காணல் என்றால் இது இன்னும் மோசம். ‘சாட்ஸ்வொர்த், பெண், 81 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோயில் கமிட்டி உறுப்பினர்’ என்று ஒரே வரியில் இருந்தால் போதும், எந்தப் பாட்டி என்று அக்கம்பக்கத்தார் உடனே சொல்லிவிடுவார்கள். வயதை ‘80க்கு மேல்’ என்றும், சாட்ஸ்வொர்த் என்ற பேட்டையை, டர்பனை உள்ளடக்கிய ‘ஈதெக்வினி மாநகரம்’ என்றும், தொழிலைக் ‘கல்வித்துறை’ என்றும் மாற்றுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள்: வயது, பால், இடம், தொழில் நான்கும் ஒன்றுபோல இருப்பவர்கள் ஒவ்வொரு சேர்க்கையிலும் 5 பேராவது இருக்கிறார்களா? இருபது நேர்காணல் மட்டுமே உள்ள ஆய்வில் இது பெரும்பாலும் தேறாது. அப்படியானால் முழு உரையைப் பொதுவில் போடாதீர்கள். விண்ணப்பித்து அனுமதி பெறுவோருக்கு மட்டும் திறக்கும் களஞ்சியத்தில் வையுங்கள்.

அடையாள எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம், அதாவது நேராகத் திருப்பிப் படிக்க முடியாத எழுத்துக்கோவையாக மாற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைவோரும் உண்டு. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த நான்கு பாலினத்தைக் காட்டும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. சாத்தியமான எண்களை எல்லாம் வரிசையாக ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு மடிக்கணினி போதும். எண்ணோடு தொடர்பே இல்லாத ‘ப007’ போன்ற குறியீட்டைக் கொடுத்து, எது யாருடையது என்ற பட்டியலைத் தனிக் கோப்பில் பூட்டி வைப்பதே வழி.

ஒப்புதல் படிவத்தில் ‘ஆய்வுக் குழு மட்டுமே பார்க்கும், ஐந்து ஆண்டில் அழிக்கப்படும்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஆய்விதழ் கேட்கிறதே என்று பொதுவில் ஏற்றக் கூடாது. அந்த வாக்குத்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். இனி எழுதும் படிவங்களில், ‘அடையாளம் நீக்கிய தரவைப் பிற ஆய்வாளர்கள் பயன்படுத்தச் சம்மதம்’ என்பதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். பழைய தரவு என்றால், ஏன் திறக்க முடியவில்லை, யாரிடம் விண்ணப்பிக்கலாம் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள். ‘கேட்டால் தருவோம்’ என்று மொட்டையாக எழுதினால், மின்னஞ்சல் முகவரி மாறிய அன்றே தரவும் போய்விடும்.

போப்பியா எனப்படும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு இணங்குவது 2021 ஜூலை 1 முதல் கட்டாயம். மதம், இனம், உடல்நலம் ஆகியவற்றைச் சிறப்புத் தகவலாக அது கருதுகிறது. தனிமனிதரில் உயிரோடு இருப்பவருக்கே அது பொருந்தும். ஆகவே 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களுக்கு இந்தச் சட்டம் தடையில்லை. ஆனால் அப்பட்டியலில் சாதிக்கு ஒரு பத்தி உண்டு. அதை இன்றைய குடும்பங்களின் வம்சாவளியோடு இணைத்து வெளியிட்டால், பேரப்பிள்ளைகளின் சாதியை ஊரறியச் சொன்னதாகிவிடும். சட்டம் என்ன சொன்னாலும், பட்டியலையும் குடும்பங்களையும் இணைக்கும் கோப்பை வெளியிடாமல் இருப்பதே முறை.

கோப்பு கெட்டுப்போவது வேறு கதை. அட்டவணையை வெறும் உரையாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பில், தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பில் உள்ள எக்செல், 5.6 என்பதை 5,6 என்று எழுதி, பத்திகளை அரைப்புள்ளியால் பிரிக்கும். வெளிநாட்டில் திறந்தால் எல்லாம் ஒரே பத்தியில் வந்து நிற்கும். அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினால் 5 தனி, 6 தனி. தசமத்துக்குப் புள்ளி வைத்து ஏற்றுமதி செய்து, விளக்கக் கோப்பிலும் அதைக் குறிப்பிடுங்கள். பிரிட்டோரியாவின் அஞ்சல் குறியீடு 0002 வெறும் 2 ஆகாமல் இருக்க, அப்பத்தியை உரை வடிவில் வையுங்கள். தமிழ் உரை இருந்தால் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்றே சேமிக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பதிவுகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

செனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால், தரவுக்கென நிலையான அடையாளக் குறியீடான டிஓஐ கிடைக்கும். பதிப்பித்த பின் கோப்பில் பிழை கண்டால் புதிய பதிப்பாக ஏற்றுங்கள், அதற்கு வேறு டிஓஐ வரும். கட்டுரையில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்களோ அதன் டிஓஐயையே கொடுங்கள். ஏற்றும் பொத்தானை அழுத்துமுன், குழுவில் இல்லாத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, யாரையாவது அடையாளம் தெரிகிறதா என்று கேளுங்கள். சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.