எடை மெஷினை மூலையில் வையுங்கள், டேப்பை எடுங்கள்: ஹார்மோன் ஊசி தொடங்கிய திருநம்பிகளுக்கு

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போடத் தொடங்கி மூன்றாவது மாதம் எடை பார்த்தேன். 58 இருந்த இடத்தில் 62. பயந்துபோய் அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. கூடவே கன்னம் ஒட்டிப்போச்சு, முடி கொட்டியது, மாடிப்படி ஏறினால் கண்ணைக் கட்டியது. எதற்காக இந்தப் பட்டினியோ, அந்த இடுப்பு மட்டும் அசையவே இல்லை.

பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி நான். அந்தக் கூத்தை நீங்களும் பண்ண வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து அளவைப் பற்றி ஒரு வரிகூட இதில் இருக்காது, அது உங்கள் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் டாக்டர், பார்த்துக்கொள்வார். சாப்பாடு, உடற்பயிற்சி, அளவெடுப்பது, சட்டை இவை நம் கையில் இருப்பவை.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

டெஸ்டோஸ்டிரோன் உடம்புக்குள் போனதும் பசி எடுக்கும். சாதாரணப் பசி இல்லை, சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை ஞாபகம் வரும் பசி. உடம்பில் கொஞ்சம் நீர் தங்கும். தசை மெதுவாகக் கூடும். இடுப்பு, தொடை, பின்புறம் என்று சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு இனிமேல் வயிற்றுப் பக்கம் சேரப் பார்க்கும். இந்தக் கொழுப்பு இடமாற்றம் முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கும், முழுதாகத் தெரிய 2 முதல் 5 ஆண்டு ஆகும். தசையும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், தொடங்குவது மட்டும் இன்னும் தாமதம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த ஒரு கணக்கு எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. ஊசி போட்ட முதல் ஒரு வருடத்தில் திருநம்பிகளுக்குச் சராசரியாக எடை 1.7 கிலோ கூடியிருக்கிறது. அதே வருடத்தில் கொழுப்பு 2.6 கிலோ குறைந்து, தசை முதலான கொழுப்பில்லாத எடை 3.9 கிலோ ஏறியிருக்கிறது. மெஷினில் ஏறி நின்றவருக்குத் தெரிந்தது "1.7 கூடிருச்சு" என்பது மட்டும்தான். உள்ளே நடந்த நல்ல காரியத்தை மெஷின் சொல்லவே இல்லை.

மாறாதவையும் உண்டு. வளர்ந்து முடிந்த இடுப்பெலும்பு சுருங்காது. உயரம் கூடாது. மார்புத் திசு ஊசியால் கரைந்து போகாது, கொழுப்பு குறைந்தால் சிலருக்குக் கொஞ்சம் சிறிதாகத் தெரியலாம். எலும்போடு சண்டை போட்டுப் பட்டினி கிடந்தால் நஷ்டம் தசைக்குத்தான்.

படி 1: டேப் வாங்குங்கள்

தையல் கடையில் தொங்குமே, அந்த டேப் போதும். பதினைந்து இருபது ரூபாய். மாதம் ஒரு முறை, காலையில் கழிவறை போய் வந்த பிறகு, சாப்பிடும் முன் அளவெடுங்கள்.

வயிற்றளவு எடுப்பதில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறோம். பேன்ட் நிற்கும் இடத்தில் வைத்து இழுத்துப் பிடிப்பது இல்லை. பக்கவாட்டில் கை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். அப்படியே கீழே வந்தால் இடுப்பெலும்பின் மேடு தட்டும். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் எண்ணைப் பாருங்கள். எக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தால் ஏமாறுவது நீங்கள்தான். அடுத்து இடுப்பின் அகலமான இடம், மேல்கை, தோள்களைச் சுற்றி ஒரு அளவு. நான்கு எண், ஒரு நோட்டில் தேதி போட்டு.

வயிற்றளவு எவ்வளவு இருக்கலாம்? இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 என்று டாக்டர்கள் எல்லை வைத்திருக்கிறார்கள். நாம் எந்தக் கட்டத்தில் நிற்பது? இந்தத் தலைவலியே இல்லாத ஒரு கணக்கு இருக்கிறது: வயிற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. உயரம் 160 என்றால் 80-க்குள். ஆணா பெண்ணா என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை.

ஜிம்மில் கைப்பிடியைப் பிடித்ததும் கொழுப்புச் சதவீதம் சொல்லும் மெஷின் கேட்கும். ஆண் என்று அழுத்தினால் ஒரு எண், பெண் என்றால் வேறு எண். இரண்டையும் நான் அழுத்திப் பார்த்தேன், ஐந்தே நிமிட இடைவெளியில் என் உடம்பில் கொழுப்பு கூடிக் குறைந்தது! அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எப்போதும் அதிலேயே பாருங்கள்.

படி 2: ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை என்பது வழக்கம். டெஸ்டோஸ்டிரோன் அளவோடு ரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். ஊசியால் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகலாம், நல்ல கொழுப்பு இறங்கலாம். வயிறு போடும் ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். ரிப்போர்ட்டில் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) என்ற வரியைப் பாருங்கள், 50-ஐத் தாண்டினால் டாக்டரிடம் உடனே பேச வேண்டும். சிகரெட் இதை இன்னும் ஏற்றிவிடும். குறட்டை புதிதாக வந்து பகலெல்லாம் தூக்கம் சொக்கினால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம். லேபில் படிவத்தில் பெண் என்று போட்டிருந்தால், ஹீமோகுளோபின் 15.8 என்பதற்குப் பக்கத்தில் சிவப்பாக 'அதிகம்' என்று அச்சாகி வரும். எனக்கு வந்தபோது ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஊசி நிலையாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு ஆண்களுக்கான எல்லையோடுதான் அதை ஒப்பிட வேண்டும் என்று டாக்டர் மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். லேபுக்குத் தெரியாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருப்பவர்கள் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எடைக் கணக்கே மாறும். தனியாருக்குச் செலவழிக்க முடியாதவர்கள் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

படி 3: தட்டை மாற்றுங்கள், பட்டினி வேண்டாம்

நம் சாப்பாட்டில் குறை என்ன என்றால் சோறு நிறைய, புரதம் துளி. ஒரு தட்டுச் சோறு, சுமார் 300 கிராம், ஏறக்குறைய 400 கலோரி. அதில் புரதம் எட்டு கிராம்தான். தசை வளரப் பார்க்கும் உடம்புக்கு, பயிற்சியும் செய்தால், ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கேட்கப் பெரிதாக இருக்கும். என் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, சாம்பார், இரண்டு அவித்த முட்டை: 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். மதியம் முன்பு இரண்டு முறை போட்ட சோற்றை ஒரு முறையாக்கி, தட்டில் பாதிக்குக் காய், 100 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு கப் தயிர்: 35 பக்கம். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 12. ராத்திரி இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் பன்னீர்: 15. கூட்டினால் 80-ஐத் தாண்டுகிறது. சைவக்காரர்களுக்கு மீல்மேக்கர் வரம், காய்ந்தது 30 கிராம் ஊறவைத்தால் 15 கிராம் புரதம். ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்தால் முட்டையும் வேர்க்கடலையும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைக்கவே வேண்டும் என்று டாக்டரும் சொன்னால் ஒரு நாளைக்கு 300 கலோரி போல் குறைத்தால் போதும், மாதம் ஒரு கிலோ இறங்கும். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நான்கு குடிப்பவர், சர்க்கரையை விட்டாலே அதில் பாதி வேலை முடிந்தது.

அம்மா போனில் "குரலே ஒரு மாதிரி இருக்கு, ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா" என்பார். சாப்பிடுகிறேன் அம்மா. குரல் மாறுவதற்குக் காரணம் வேறு.

படி 4: தோளை அகலமாக்குங்கள்

இடுப்பைக் குறைக்க முடியாது என்றால் தோளை அகலமாக்கலாம். பார்ப்பவர் கண் அளப்பது இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான். இடுப்பை வளைத்து நெளித்து ஆயிரம் முறை பயிற்சி செய்தாலும் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

வீட்டிலேயே தொடங்கலாம், வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். புஷ்-அப்பைச் சுவரில் தொடங்குங்கள், அப்புறம் மேஜை, அப்புறம் தரை. ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டு, குனிந்து நின்று இடுப்பு நோக்கி இழுங்கள். முதுகு வளையக் கூடாது. இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குங்கள், அப்புறம் அதையே பக்கவாட்டில் தோள் உயரம் வரை. உட்கார்ந்து எழுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. சுலபமானால் கனத்தைக் கூட்டுங்கள். பின்புறம் பெரிதாகிவிடும் என்று கால் பயிற்சியை விட்டுவிடுகிற நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். விடாதீர்கள், உடம்பின் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. மற்ற நாட்களில் வேக நடை, வாரம் 150 நிமிடம்.

எனக்கு அளவுகோல் எங்கள் வீட்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன். பயிற்சி தொடங்கிய முதல் மாதம் வாசலிலிருந்து காலால் உருட்டிக்கொண்டு வருவேன். நான்காம் மாதம் கட்டிப்பிடித்துத் தூக்கினேன், பாதி வழியில் இறக்கி வைத்தேன். எட்டாம் மாதம் ஒரே மூச்சில் ஸ்டாண்டில் கவிழ்த்தேன், தரையில் சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. அந்த மாதம் எடை மெஷின் 63 காட்டியது. வயிற்றளவு மூன்று செ.மீ. குறைந்திருந்தது.

ஒரு எச்சரிக்கை. தசைக்குப் பலம் சீக்கிரம் வரும், அதை எலும்போடு பிடித்திருக்கும் தசைநாண் அவ்வளவு வேகமாக உறுதியாகாது. 'தூக்க முடியுதே' என்று ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் முழங்கை வலிக்கும். எனக்கு இரண்டு மாதம் வலித்தது.

படி 5: பைண்டரோடு பயிற்சி கூடாது

இதில் பேரம் இல்லை. மார்பைத் தட்டையாகக் காட்டப் போடும் இறுக்கமான உள்ளாடைதான் பைண்டர். அது விலாவை இறுக்கும், மூச்சு முழுசாகப் போகாது. பயிற்சிக்கு ஒரு அளவு பெரிய ஸ்போர்ட்ஸ் பிரா, மேலே தொளதொள டி-ஷர்ட். ஜிம்மில் உடை மாற்றச் சங்கடமாக இருந்தால் வீட்டிலிருந்தே உடுத்திப் போங்கள், காலை ஆறு மணிக்குக் கூட்டமும் குறைவு. மற்ற நேரத்திலும் பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். காயத்துக்குச் சுற்றும் எலாஸ்டிக் பேண்டேஜை மார்பில் சுற்றுவது விலா எலும்புக்கே ஆபத்து.

ஜிம்மில் இன்னொன்றும் வரும். நான் போன இடத்தில் பயிற்சியாளர் தோளில் கை போட்டு, "தம்பி, ஒரு கோர்ஸ் போட்டா மூணே மாசம்" என்றார். அவர் சொன்னது ஸ்டீராய்டு கோர்ஸ். ஏற்கெனவே ஊசி போடுகிறவருக்கு அது இரட்டை ஆபத்து. உங்கள் மருந்தையே நீங்களாகக் கூட்டுவதும் தப்பு. மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். வேண்டாம் என்று ஓடுகிறோமே, அதுவாகவே!

படி 6: சட்டை

மாற்றம் தெரிய வருடக்கணக்காகும், அதுவரை துணிதான் கைகொடுக்கும். சட்டையைத் தோள் தையல் சரியாக உட்காரும் அளவில் வாங்குங்கள். தோள் தொங்கினால் உடம்பு இன்னும் சின்னதாகத் தெரியும். இடுப்பை ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிம் ஃபிட் வேண்டாம், நேர்வெட்டு நல்லது. அடர் நிறம், கொஞ்சம் கனமான துணி, மார்பில் பாக்கெட். சட்டையின் கீழ்விளிம்பு இடுப்பின் அகலமான இடத்தில் நிற்காமல் அதற்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ நிற்கட்டும். பேன்ட்டை இடுப்புக்குச் சரியாக இருக்கும் அளவில் எடுத்து, வயிற்றுப் பக்கம் டெய்லரிடம் பிடித்துத் தரச் சொல்லுங்கள், ஐம்பது நூறு ரூபாயில் முடியும் வேலை. வருடத்துக்கு ஒரு முறையாவது தோளை மறுபடி அளந்து பார்த்துவிட்டுச் சட்டை எடுங்கள். பழைய அளவிலேயே வாங்கி, அக்குளில் பிடிக்கிற இரண்டு சட்டை என் அலமாரியில் இன்னும் தொங்குகிறது.