மனைவி சேலத்தில், கணவர் அமெரிக்கக் குடிமகன்: பிரசவத்துக்கு முன் கவனிக்க

மனைவி தாய் வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறார் என்றால், பதற்றத்தில் சுற்றுலா விசாவுக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவிலேயே தங்கும் எண்ணத்தை மறைத்துப் பொய் சொன்னால் அது நிரந்தரத் தடையாகவே முடியலாம். கணவர், மனைவியைக் குடியேற்ற விசாவில் அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனுவை இப்போதே தாக்கல் செய்யட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்ற திருமணச் சான்றிதழை இணைக்க வேண்டும். மனைவிக்கான விசா நேர்காணல் மும்பையில்.

பலரும் குழந்தைக்கும் விசா வேண்டும் என்று வீணாகக் கலங்குகிறார்கள். பிறப்புக்கு முன் தந்தை மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்து, அதில் 2 ஆண்டுகளாவது 14 வயதுக்குப் பிறகு என்றால், ஏற்காட்டில் பிறந்தாலும் குழந்தை அமெரிக்கக் குடிமகவுதான். குடியுரிமை பெறுவதற்கு முன் படிப்புக்காகவும் வேலைக்காகவும் அங்கே இருந்த காலமும் சேரும். ஆகவே பழைய பாஸ்போர்ட்டுகள், சம்பளச் சீட்டுகள், கல்லூரிச் சான்றிதழ்கள் எதையும் தூக்கி எறியாதீர்கள். சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்யும்போது இவையே சாட்சி. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரும் பெற்றோர் பெயர்களின் எழுத்துகளும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

விசா மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பத்தை மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்-ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். கர்ப்ப காலத்தில் போடக்கூடாத தட்டம்மைத் தடுப்பூசிக்கும் விலக்கு உண்டு.