காதுக்குப் பார்த்து வாங்கி, தலைக்கு அவதி: ஹெட்போன் வாங்குவோர் செய்யும் தவறுகள்

என் மேசை இழுப்பறையில் ரொம்ப நாளாக இரண்டு ஹெட்போன்கள் கிடந்தன. இரண்டிலும் பாட்டு அருமையாகக் கேட்கும். ஆனால் ஒன்றை அரை மணி நேரம் மாட்டினால் உச்சந்தலை வலிக்கும். இன்னொன்றைச் சரிசெய்யலாம் என்று தொட்டாலே பாட்டு நின்றுவிடும். வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் பாகம்) எத்தனை மி.மீ., பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) எப்படி, எத்தனை நட்சத்திரம் என்பதுதான். தலையையும் விரலையும் பற்றி யோசிக்கவே இல்லை. காதை முழுதாக மூடும் ஹெட்போனோ கேமிங் ஹெட்செட்டோ வாங்கிவிட்டு மூலையில் போட்டவர்களைக் கேட்டால், ஒலி பிடிக்காமல் போட்டவர்கள் குறைவு. மாட்டிக்கொண்டு உட்கார முடியாமல் போட்டவர்கள்தான் அதிகம்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. ஏ.சி. குளிரில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்தால் எந்த ஹெட்போனும் சொகுசாகத்தான் இருக்கும். புதுச் செருப்பும் கடைக்குள் கடிக்காது, பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான் கடிக்கும். குஷனுக்குள் இருக்கும் மெமரி ஃபோம் உடல் சூட்டில் மெல்ல மெல்ல அமுங்கும். அமுங்கிய பிறகுதான் காது மடலின் நுனி உள்ளே இருக்கும் கடினமான பகுதியில் உரச ஆரம்பிக்கும். பெரியவர்களின் காது மடல் சுமார் 6 செ.மீ. உயரம் இருக்கும். ஆகவே குஷனின் ஓட்டை எவ்வளவு அகலம் என்பதோடு, எவ்வளவு ஆழம் என்பதையும் விரலை விட்டுப் பாருங்கள். மாட்டியதுமே மடலில் ஏதோ லேசாகத் தொடுகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் அது வலியாகும். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றைக்கே, திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், இரண்டு மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம்.

அடுத்தது எடை. கிராம் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 254 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமை ஒட்டி. ஆடஸி மேக்ஸ்வெல் என்ற கேமிங் ஹெட்செட் 490 கிராம், கிட்டத்தட்ட அரைக் கிலோ. லேசானது நல்லது என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் அந்த எடை தலையில் எங்கே இறங்குகிறது என்பது அதைவிட முக்கியம். உச்சியில் ஒரே இடத்தில் இறங்கினால் 250 கிராமும் கனக்கும். இதற்காகத்தான் ஸ்டீல்சீரிஸ் நிறுவனம் தன் ஆர்க்டிஸ் வரிசையில் பனிச்சறுக்குக் கண்ணாடியில் வருவது போன்ற இழுபடும் பட்டையைத் தொங்கவிட்டது. ஏகேஜி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தலைக்கு மேல் வரும் வளையத்துக்குக் கீழே தனிப் பட்டை வைத்துவிட்டது. சும்மாடு வைத்துக் குடம் சுமக்கிற கணக்குத்தான். அதே பாரம், பரவலாக இறங்கும்போது தலைக்குத் தெரிவதில்லை.

பக்கவாட்டு இறுக்கத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் பாரம் முழுவதும் உச்சியில் விழும், குனிந்தால் ஹெட்போன் கழன்று மடியில் விழும். கூடினால் தாடை மூட்டில் வலி. புதிதாக வந்தது இறுக்கினால் கையால் விரித்து முறுக்குபவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் வளையமாக இருந்தால் கீல் பக்கத்தில் விரிசல் விடும். அதற்குப் பதிலாக, தலையைவிடச் சற்றே அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் ஓரிரு இரவு மாட்டி வையுங்கள். கழற்றும்போது இரண்டு கையாலும் கழற்றுங்கள். ஒரே காதைப் பிடித்து இழுத்தால் அந்தப் பக்கக் கீல்தான் அடிவாங்கும்.

அப்புறம், ஹெட்போன் மாட்டினால் மண்டை ஓட்டில் பள்ளம் விழும் என்று பிள்ளைகளை மிரட்டும் பெற்றோருக்கு ஒன்று: அமுங்குவது முடியும் மேல்தோலும்தான். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

கண்ணாடி, தோடு, கொண்டை

விமர்சனம் எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற விஷயம் இது. கண்ணாடியின் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவில் போய் ஒரு சின்ன இடைவெளி விடுகிறது. அந்த வழியாக முதலில் ஓடிப்போவது பேஸ். ‘இந்த ஹெட்போனில் பேஸே இல்லை’ என்று புலம்புகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை கேட்டுப் பார்க்கட்டும். பேஸ் குறைந்ததால் ஒலியைக் கூட்டுவோம், வெளிச்சத்தமும் உள்ளே வருவதால் இன்னும் கூட்டுவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பொருந்தாத குஷன் நம்மை அறியாமலே அந்த எல்லையை நோக்கித் தள்ளிவிடும். தடித்த ஃபிரேம் போடுகிறவர்களுக்கு மிருதுவான, ஆழமான குஷன் தேவை. காம்பு மெல்லியதாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தோடு போடுகிறவர்களுக்கு வலி வேறு இடத்தில். குஷன் தோட்டை அழுத்த, பின்னால் இருக்கும் திருகாணி காதுக்குப் பின்புறத் தோலில் குத்தும். நீளமான திருகாணி என்றால் சொல்லவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி, ஹெட்செட் சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் காரணம் இதுவென்று கண்டுபிடித்தாள். வேலை நேரத்தில் தட்டையான சின்னத் தோட்டுக்கு மாறினாள், முடிந்தது. கொண்டை போடுகிறவர்கள் பட்டை உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொண்டை உயரமாக இருந்தால் பட்டை நெற்றிப் பக்கம் நகரும், குஷனின் கீழ்ப்பக்கம் காதை விட்டு விலகும். தாழ்வாகப் பின்னிவிட்டால் தொல்லை இல்லை.

வியர்வையும் தேங்காய் எண்ணெயும்

‘லெதர்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் குஷன் நிஜத் தோல் இல்லை, பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊரில், ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்பு உடையும். பிறகு கறுப்புக் கறுப்பாக உதிரும். வெள்ளைச் சட்டையின் காலரில் ஒட்டும், காதுக்குள்ளும் போகும். இதில் ஒரு வேடிக்கை: பத்திரமாகப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் உதிரும். காற்றில் இருக்கும் ஈரமே போதும். ஆகவே நல்ல நாளுக்கென்று எடுத்து வைப்பது வீண், தாராளமாகப் பயன்படுத்துங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு மாட்டுவதை மட்டும் தவிருங்கள். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் குஷன் பிசுபிசுத்து, நாற ஆரம்பிக்கும். துடைக்க லேசாக நனைத்த துணி போதும். சானிடைசரைத் தடவினால் அதிலுள்ள ஆல்கஹால் பூச்சைச் சீக்கிரம் கெடுக்கும்.

வெல்வெட் போன்ற துணிக் குஷன் நம் ஊர் வெயிலுக்கு நல்லது, காது வேகாது. ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 என்ற கேமிங் ஹெட்செட்டின் பெட்டியில் இரண்டு வகையையும் சேர்த்தே கொடுத்தார்கள், நல்ல பழக்கம். ஆனால் துணியில் வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும், பேஸ் ஒரு பிடி குறையும், தூசியும் முடியும் ஒட்டும். நான் துணிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எதை எடுத்தாலும் குஷனைக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்றுக் குஷன் கடையில் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். முதலில் தேய்வது அதுதான். கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு தடித்த குஷனை மாட்டினால், டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறி ஒலியும் மாறிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பட்டன்கள்

இனி விரல். ஹெட்போனின் பட்டன்கள் எல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனாலும் படத்தில் அழகாக இருக்கிறது என்று, ஒரே மாதிரி நான்கு பட்டன்களை வரிசையாக வைத்த மாடலை வாங்கிவிடுகிறோம். கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் குறையுங்கள், மியூட் செய்யுங்கள், கழற்றாமல் ஆஃப் செய்யுங்கள். விரல் தடுமாறினால் வீட்டிலும் தடுமாறும். ஒலிக்கு உருளும் சக்கரம், மியூட்டுக்கு மேடாக ஒரு பட்டன், இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில். எனக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

டச் வகை வேறு ரகம். சோனியின் எக்ஸ்எம்4 இல் வலது காதின் வெளிப்புறத்தில் விரலை மேலே இழுத்தால் ஒலி கூடும், உள்ளங்கையால் மூடினால் ஒலி தணிந்து வெளியே பேசுவது கேட்கும். கடைக்காரர் கூப்பிடும்போது உண்மையிலேயே உதவும் வசதி. ஆனால் டச் பரப்புக்கு வேண்டுமென்று தொட்டது எது, தவறித் தொட்டது எது என்று தெரியாது. என் பழைய ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். வியர்த்ததால் வலது காதைச் சற்றே நகர்த்தினேன், அழைப்பு துண்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும்போதே மறுபடி நகர்த்தினேன். மூன்று முறை. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டேன் என்றே அவர் நினைத்திருப்பார். இந்த மாதிரி மாடல்கள் பலவற்றில் டச்சை ஆப்பில் போய் அணைத்துவிட முடியும் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வாங்கியதும் அந்த ஆப்பை ஒரு முறை முழுதாக மேய்ந்துவிடுங்கள்.

சில மாடல்களில் எதிர்பார்க்கும் பட்டனே இருக்காது. ஏர்பாட்ஸ் மேக்ஸில் ஒலிக்கு அழகான திருகு உண்டு, ஆஃப் பட்டன் கிடையாது. உறையில் போட்டால் உறங்கும். தெரிந்து வாங்கினால் குறை இல்லை.

கேமிங் ஹெட்செட்டில் அதிகம் குழப்புவது விளையாட்டுச் சத்தத்தையும் நண்பர்கள் பேச்சையும் கூட்டிக் குறைக்கும் திருகு. பையில் போட்டு எடுக்கும்போது அது ஒரு கோடிக்குப் போய்விட்டால் விளையாட்டுச் சத்தம் அறவே கேட்காது, பேச்சு மட்டும் கேட்கும். ‘கெட்டுப்போச்சு’ என்று கடைக்குத் தூக்கிப் போகும் முன் அதை நடுவில் வையுங்கள். விண்டோஸில் ஒரு வால்யூம், விளையாட்டுக்குள் ஒன்று, வயரில் ஒரு சக்கரம் என்று மூன்று இடத்தில் கூட்டிக் குறைப்பதும் தலைவலி. விலை குறைந்த ஹெட்செட்டின் சக்கரம் ரொம்பத் தாழ்வாக இருந்தால் ஒரு காதில் மட்டும் சத்தம் கூடிக் கேட்கும். சக்கரத்தை மேலே வைத்து, விண்டோஸில் குறைத்துக்கொள்வது மேல். ஆனால் முதலில் விண்டோஸில் குறைத்துவிட்டு, பிறகு சக்கரத்தை ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் காது கிழியும்.

மியூட்டிலும் இதே கதை. ஹெட்செட்டில் ஒரு மியூட், மீட்டிங் செயலியில் ஒரு மியூட், இரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மறந்து ‘கேட்குதா, கேட்குதா’ என்று கத்தாத ஆள் உண்டா? ஒரே இடத்தில் மட்டும் மியூட் செய்கிற பழக்கம் வேண்டும். மைக் தண்டை மேலே தூக்கினால் மியூட் ஆகிற வகை இதற்கு நல்லது, கைக்கும் தெரியும், எதிரில் இருப்பவருக்கும் தெரியும். அந்த மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

காதை மூடிக்கொண்டு பேசும்போது நம் குரல் நமக்கே மங்கலாகக் கேட்கும், அதனால் கத்துவோம். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். நம் குரலையே கொஞ்சமாக நம் காதில் திருப்பிக் கேட்கவைக்கும் ‘சைட்டோன்’ வசதி நிறைய கேமிங் ஹெட்செட்களில் அணைந்தே கிடக்கிறது. அதைச் சிறிதளவு ஏற்றிவிட்டால் குரல் தானாகத் தணியும்.

ப்ளூடூத் ஹெட்போனில் விளையாட உட்காருகிறவர்களுக்கும் ஒன்று. வழக்கமான ப்ளூடூத்தில் மைக் இயங்க ஆரம்பித்ததும் இணைப்பு அழைப்புக்கான முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய்ப் பழைய டெலிபோன் மாதிரி ஒலிக்கும். கம்ப்யூட்டரில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும், பாட்டு பழையபடி வரும். பிளேஸ்டேஷன் 5 சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்பதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பர் முதல் ஏற்கிறது, ஆனால் ப்ளூடூத் மைக்கை அல்ல. விளையாட்டுக்கென்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பியில் செருகும் சின்ன வயர்லெஸ் கருவி) வருவதை வாங்குங்கள், தாமதம் குறைவு. டாங்கிளைத் தொலைக்காமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

வடிவமைப்பில் மினுமினுக்கும் விளக்குகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டியிருப்பவருக்கு அது தெரியாது, பேட்டரிக்குத் தெரியும். மடங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சோனி எக்ஸ்எம்4 உள்பக்கமாக மடங்கியது, 2022 இல் வந்த எக்ஸ்எம்5 மடங்கவில்லை, 2025 இன் எக்ஸ்எம்6 மறுபடி மடங்குகிறது. தினமும் பையில் தூக்கிப் போகிறவருக்கு உறையின் அளவு பெரிய விஷயம்.

இழுப்பறையில் கிடந்தவற்றில் ஒன்றை மீட்டுவிட்டேன், டச்சை அணைத்துத் துணிக் குஷன் போட்டு. உச்சந்தலை வலித்ததை அக்கா மகன் எடுத்துப் போனான். அவன் பட்டையை இரண்டு கிளிக் உள்ளே தள்ளிக்கொண்டான். சனிக்கிழமை முழுக்க மாட்டியிருந்தானாம், வலிக்கவே இல்லையாம்.