தீராத வலிக்கு உடல், மனம் இரண்டுக்கும் சிகிச்சை: எங்கே தவறுகிறோம்?

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் டென்ஷன்தான்." மாதக்கணக்கில் இடுப்பு வலியோடு அலைகிறவர்கள் பலர் கடைசியில் கேட்பது இதைத்தான். கையோடு மனநல மருத்துவர் ஒருவரின் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள். 'நான் நடிக்கிறேன்னு சொல்றாங்களா?' என்று மனம் நொந்துபோகிறவர், அந்தச் சீட்டோடு எங்கேயும் போக மாட்டார்.

பெரிய தவறு இந்த வரிசைதான். ஊசி, மாத்திரை, பெல்ட் எல்லாம் பார்த்து, பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகு மனசுப் பக்கம் திரும்புகிறோம். மூன்று மாதத்தைத் தாண்டி நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதற்குள் பலருக்கு நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. பழைய காயம் ஆறியிருந்தாலும், சாதாரண அசைவைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. தூக்கமின்மையும் பயமும் அதை இன்னும் ஏற்றிவிடும். வலி நிஜம்தான், அதைத் தணிக்க உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் "நல்லா குனிங்க" என்றும், வேறொருவர் "குனியவே கூடாது" என்றும் சொன்னால் நோயாளி யாரை நம்புவார்? சிகிச்சை தருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதனால்தான் அவசியம்.

ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டால் கதை வேறு மாதிரி போகும். 'டிஸ்க் தேஞ்சிருக்கு' என்ற ஒரு வரியைப் படித்துவிட்டு வாளி தூக்கவே பயப்படுவார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த கட்டுரைகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. அதன்படி, 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ரிப்போர்ட்டைப் படித்து இதை விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தாலே பாதி பயம் குறையும்.

அடுத்தது, வலியை வைத்து வேலையை அளப்பது. வலி குறைந்த நாளில் வீடு முழுக்கத் துடைத்து, மாவரைத்து, பரணையும் ஒழித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்த படுக்கை. பிறகு 'அசைந்தாலே வலி வருகிறது' என்று மனசு முடிவு கட்டிவிடும். அமெரிக்காவின் சியாட்டிலில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதற்கு வழி காட்டினார். எவ்வளவு செய்வது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். 10 நிமிடம் நடப்பது என்று முடிவு செய்தால், நன்றாக இருக்கும் நாளிலும் 10 நிமிடம்தான், சுமாரான நாளிலும் 10 நிமிடம்தான். அப்புறம் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கேட்க எளிது, கடைப்பிடிப்பது கடினம். அங்கேதான் உளவியலாளரின் துணை தேவைப்படுகிறது. 'நீ எதையும் தொடாதே' என்று அன்போடு பிடுங்கிக்கொள்ளும் குடும்பத்துக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் அடிக்கடி நடப்பது இது. மருத்துவர் இரவில் போட 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதுவார். வீட்டில் யாராவது இணையத்தில் தேடி, "இது மனச்சோர்வு மாத்திரையாச்சே" என்று நிறுத்திவிடுவார்கள். நரம்பு வழியே வரும் வலி உணர்வைத் தணிக்கவும் குறைந்த அளவில் அதைத் தருவதுண்டு. எழுதும்போதே மருத்துவர் இதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் தாமாக வாங்கி வருடக்கணக்கில் போடும் வலி மாத்திரைகள்தான் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது மட்டும் என்று நினைப்பதும், நாலு தடவை பேசிவிட்டு "கவுன்சலிங்ல ஒண்ணும் ஆகல" என்று விடுவதும் பரவலாக இருக்கிறது. வலி முழுக்கப் போயிற்றா என்று மட்டும் பார்க்காமல், தூக்கம், நடை, வேலை கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சிகிச்சையில் இருக்கும்போது வரும் எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. காலில் பலம் குறைவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது என்றாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.