சிறுமியர் குழுக் கூட்டம் பாதியில் கலைந்ததும், சரியானதும்

நான் நடத்தும் சிறுமியர் குழுவில், கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பாதிப் பிள்ளைகள் மூலைக்கு மூலை அரட்டை. புது விளையாட்டுகள், பரிசு, அவர்களையே கேட்பது ("எதுவா இருந்தாலும் சரிக்கா") என்று எதுவும் எடுபடவில்லை.

அப்புறம் இன்னொருவரை நடத்தச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்த்ததில்தான் பிடிபட்டது. விளையாட்டு நடக்கும்போது யாரும் நழுவவில்லை, ஒன்று முடிந்து அடுத்ததற்குப் பொருள்களை எடுத்து வைக்கும் இடைவெளியில்தான் நழுவினார்கள், அதுவும் சீக்கிரம் முடித்தவர்கள்தான் முதலில்.

சாரணியரில் இருப்பது போலச் சிறு அணிகளாகப் பிரித்தேன், அணிக்கு 6 பேர். அணிக்கு ஒரு பை, அன்றைய பொருள்கள் எல்லாம் முன்கூட்டியே உள்ளே, பொறுப்பு அணித்தலைவிக்கு. வாசலிலேயே முடிச்சுப் போட ஆளுக்கொரு கயிற்றுத் துண்டு: வலது முனை இடதின் மேல், பிறகு இடது வலதின் மேல்; இரண்டு முறையும் ஒரே மாதிரி போட்டால் முடிச்சு வழுக்கும், யாருடையது வழுக்குகிறது என்று இழுத்துப் பார்ப்பதில் தாமதமாக வருபவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள்.

பையில் கத்தரிக்கோல் மட்டும் ஒன்றே ஒன்று. ஆளுக்கொன்று இருந்தபோது அவரவர் வெட்டி முடித்துவிட்டு எழுந்து போனார்கள். இப்போது கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடிக்கிறார்கள். அவ்வப்போது சண்டை வரும், அதை அணித்தலைவி பார்த்துக்கொள்வாள்.