சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தின் முடிவு ரசிகருக்கு நிறைவா? மதுரையில் சோதனைத் திரையிடல் நடத்தும் முறை

முடிவு எடுபடுகிறதா என்று பார்க்க நாலு பேரைக் கூட்டி, "பிடிச்சிருந்ததா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. 'பிடிக்கல' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருக்கும். என்ன நடந்தது என்றே புரியாமல் போயிருக்கலாம். புரிந்தும், படம் தன் விதியைத் தானே மீறிவிட்டதே என்று எரிச்சல் வந்திருக்கலாம். எல்லாம் புரிந்து, போனவன் திரும்பி வரவில்லையே என்று மனசு கனத்திருக்கலாம். முதல் இரண்டும் பழுது. மூன்றாவதைத் தொடக் கூடாது. இந்த மூன்றையும் பிரித்தெடுக்கத்தான் திரையிடல்.

ரஃப் கட் (முதல் கட்ட எடிட்டிங்) முடிந்ததும், டி.ஐ.க்கும் (நிறத் திருத்தம்) கிளைமாக்ஸ் சி.ஜி.க்கும் (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) பணம் இறங்கும் முன்னே நடத்திவிடுங்கள். முடியாத ஷாட்டுக்குப் பதில் ஸ்டோரிபோர்டு படத்தை (காட்சியை முன்கூட்டி வரைந்த ஓவியம்) அதே நீளத்துக்கு வைத்து, மேலே 'சி.ஜி. பாக்கி' என்று எழுதுங்கள். சி.ஜி.க்காகப் பின்னால் கட்டிய பச்சைத் துணியை அப்படியே காட்டினால் சிரித்துவிடுவார்கள். அதன் பின் அந்தக் காட்சியில் யாரும் ஒன்ற மாட்டார்கள். திரையின் மூலையில் டைம்கோடும் (ஓடும் நேர எண்) வாட்டர்மார்க்கும் (திருட்டுப் பிரதியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்) இருக்கட்டும். செல்போன்களைப் பெயர் எழுதிய கவரில் போட்டு வாசலிலேயே வாங்கிவையுங்கள்.

40 பேர் போதும். யூனிட் ஆட்கள், அவர்கள் வீட்டார், நண்பர்கள் வேண்டாம். 25 பேர் இந்த வகைப் படங்களைத் தேடிப் பார்க்கிறவர்களாகவும், 15 பேர் ஞாயிற்றுக்கிழமை எந்தப் படம் ஓடினாலும் போகிறவர்களாகவும் இருக்கட்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தும் ஆள் வரவேண்டும். 45 வயது தாண்டியவர்கள் எட்டுப் பேராவது வேண்டும். கல்லூரி இயற்பியல் மாணவர்களை மட்டும் கூட்டினால் லாஜிக் ஓட்டைகளை அவர்களே தங்கள் அறிவால் அடைத்துக்கொள்வார்கள். தியேட்டரில் அந்த உதவி கிடைக்காது.

நாள் குறிக்கும்போது சித்திரைத் திருவிழாவையும் முகூர்த்த நாட்களையும் தவிருங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டருக்கும் பிளேயருக்கும் யு.பி.எஸ். கட்டாயம்; ஜெனரேட்டர் மாறும் ஒரு நிமிடம் கிளைமாக்ஸில் விழுந்தால் அன்றைய முடிவுகள் அத்தனையும் வீண். இடைவேளையையும் தியேட்டரில் விடும் அதே இடத்தில் விடுங்கள். ஏ.சி. இல்லாத ஹாலில் மே மாதம் நடத்தினால் புழுக்கத்தின் கோபமும் படத்தின் மார்க்கில்தான் ஏறும்.

கடைசி 15 நிமிடம் திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பாருங்கள். முன்வரிசை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து, யார் நெளிகிறார், எங்கே தப்பான சிரிப்பு வருகிறது, எப்போது எழுகிறார்கள் என்று டைம்கோடோடு குறிக்கட்டும். வில்லன் ஒழிந்து குடும்பம் சேர்ந்ததும் வண்டி எடுக்கக் கிளம்புவது நம் ஊர்ப் பழக்கம். உண்மையான முடிச்சு அதற்குப் பிறகுதான் அவிழ்கிறது என்றால் பாதிப் பேர் அதைப் பார்க்கவே மாட்டார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறக்கும் அரங்குகளும் உண்டு. அதனால் கதைக்கு அவசியமான ஷாட் எதையும் பெயர்களுக்குப் பின்னால் தள்ளாதீர்கள்.

படம் முடிந்த கையோடு, யாரும் யாரோடும் பேசும் முன் தாளைக் கொடுங்கள். கேள்விகள் இந்த வரிசையில்:

1. முடிவுக்கு ஐந்துக்கு எத்தனை?
2. கடைசியில் என்ன நடந்தது? மூன்று வரியில் எழுதுங்கள்.
3. 'முன்னே ஒன்று சொன்னார்கள், இப்போது வேறு மாதிரி நடக்கிறதே' என்று எந்த இடத்தில் தோன்றியது?
4. விடை தெரியாமல் மனதில் நிற்கும் கேள்வி என்ன?
5. சரியாகக் காதில் விழாத வசனம் உண்டா?

மார்க் முதலில் வரவேண்டும். கதையை எழுதிப் பார்த்தபின் மார்க் மாறிவிடும். எழுதத் தயங்குகிறவர்களிடம் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

பிறகு பத்துப் பேரை மட்டும் நிறுத்தி 20 நிமிடம் பேசவையுங்கள். இயக்குநர் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இருந்தால் "நல்லாருக்குண்ணே" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. முகத்துக்கு நேரே குறை சொல்லிக் கஷ்டப்படுத்த நம்மவர்களுக்கு மனசு வராது. கேட்பவரும் விளக்கம் சொல்லக் கூடாது. "அய்யா, அந்தப் புள்ள கடைசியில எங்க போனான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இனி தாள்களைப் பிரியுங்கள். இரண்டாம் கேள்விக்குப் பத்துப் பேருக்கு மேல் தப்பாக எழுதியிருந்தால் அது புரியாத வகை. முதலில் ஐந்தாம் கேள்வியைப் பாருங்கள். பல சமயம் விளக்க வசனத்தை ஆர்.ஆர். (பின்னணி இசை) அமுக்கியிருக்கும், ஒலிகளைச் சேர்க்கும் மிக்ஸிங்கில் சரியாகிவிடும். மூன்றாம் கேள்வியில் ஒரே இடத்தைப் பலர் சுட்டினால் அது விதி மீறல். 24 மணி நேரம்தான் பின்னால் போகும் என்று சொன்ன கருவி கிளைமாக்ஸில் பத்து வருடம் பின்னால் போனால், அதற்கான வழி இடைவேளைக்கு முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டும். கிளைமாக்ஸில் அஞ்சு நிமிட விளக்கம் சேர்ப்பது மிக மோசமான வைத்தியம். முதல் பாதியில் 20 விநாடி இன்செர்ட் ஷாட் (இடையில் செருகும் சிறு ஷாட்) அதைவிட நன்றாக வேலை செய்யும்.

வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'பிளேட் ரன்னர்' என்ற ஹாலிவுட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் சாட்சி. டென்வர், டல்லாஸ் நகரங்களின் சோதனைக் காட்சிகளில் வரவேற்பு சரியில்லை என்றதும் பின்னணிக் குரலும் சந்தோஷமான முடிவும் சேர்த்து 1982இல் வெளியிட்டார்கள். 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் இரண்டும் இல்லை. குழப்பத்துக்குச் சந்தோஷம் மருந்தாகாது.

இரண்டு முடிவுகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே கூட்டத்துக்கு இரண்டையும் போடாதீர்கள். இரண்டாவது எப்போதும் முதலாவதின் நிழலில்தான் தெரியும். வேறு 40 பேர், அதே ஹால், அதே காட்சி நேரம். 40 பேரில் மூன்று நான்கு பேர் வித்தியாசத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக, படம் எப்படி முடிந்தது என்று மறுபடி சொல்லச் சொல்லுங்கள். அன்று இரண்டு மார்க் போட்டவர் இன்று முடிவை விடாமல் ஒப்பித்து, வீட்டில் இதைப் பற்றிச் சண்டை போட்டதாகச் சொன்னால் அந்த முடிவில் கை வைக்காதீர்கள். பாதிப் பேர் அவன் பிழைத்தான் என்றும் பாதிப் பேர் இல்லையென்றும் சொல்லி, இரண்டு தரப்பும் நாலுக்கு மேல் மார்க் போட்டிருந்தாலும் அப்படியே விட்டுவிடலாம்.