பழைய ஆங்கிலேய வெள்ளி நகை: செய்தவர் முத்திரையைப் படிப்பது எப்படி

முதலில் நகைக்குப் பாலிஷ் போடாதீர்கள். முத்திரைப் பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் எழுத்தை எடுத்துக்காட்டும். மிதமான சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். 10 மடங்கு லென்ஸைக் கண்ணருகே பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும்.

புரூச்சின் முதுகு, மோதிரத்தின் உள்வளைவு, சங்கிலியின் கொக்கி ஆகிய இடங்களில் தேடுங்கள். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிட்ட சோதனைக்கூடம் எந்த ஊர் என்பதை இன்னொரு குறி காட்டும். நங்கூரம் என்றால் பர்மிங்காம். வாளும் மூன்று கதிர்க்கட்டும் என்றால் செஸ்டர். செஸ்டர் சோதனைக்கூடம் 1962-ல் மூடப்பட்டதால் அதன் குறியுள்ள நகை அதற்குப் பிந்தையதாக இருக்க முடியாது.

செய்தவர் முத்திரை பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகள். தனியாக நிற்கும் ஒற்றை எழுத்து ஆண்டுக்குறி. பலரும் தடுமாறுவது இங்கேதான். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி உண்டா, சுற்றியுள்ள கட்டம் நீள்வட்டமா செவ்வகமா என்று அப்படியே வரைந்துகொள்ளுங்கள். ஒரே முதலெழுத்துகள் பல பட்டறைகளுக்கு உண்டு; ஊரும் ஆண்டும் சேர்ந்தால்தான் ஆள் பிடிபடுவார். செஸ்டர் முத்திரையுடன் 'சி.எச்.' இருந்தால் ஹாலிஃபாக்ஸ் ஊர் நகைத் தயாரிப்பாளர் சார்லஸ் ஹார்னரின் முத்திரையை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொக்கியில் மட்டும் முத்திரை இருந்தால் அவசரப்படாதீர்கள். கொக்கி பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம். பற்றவைத்த தடம் தெரிகிறதா பாருங்கள்.